கிராமத்திற்குக் கம்பியில்லா வழி

பெங்களூர் ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் குடியிருக்கும் நம்மில் பலருக்குச் சொந்த ஊர் என்பது இன்று கைபேசித் திரையளவே. தருமபுரிப் பக்கமோ திருவண்ணாமலைப் பக்கமோ இருக்கும் பெற்றோரின் முகத்தை அதிற் காண்கிறோம். பேச்சின் நடுவே முகம் அசைவற்று நின்றுவிடுகிறது. நகரத்தில் தாராளமாய்க் கிடைக்கும் இணையத் தொடர்பு, கிராமத்தை நெருங்கியதும் ஏன் இவ்வாறு நூலாய் இளைத்துப் போகிறது?

காரணம் எளியது. மண்ணைத் தோண்டிக் கம்பி புதைக்கச் செலவு மிகுதி. அச்செலவை ஈடுகட்டத்தக்க வீடுகளோ அங்கு மிகக் குறைவு. ஆகவேதான் விஞ்ஞானிகள் காற்றுவழியை நாடினர். 'பிராட்பேண்ட்' என்னும் சொல்லை 'அகன்ற அலைவரிசை' என்றும் 'அகலப்பட்டை' என்றும் பலவாறாக மொழிபெயர்த்துவிட்டோம். மொழிபெயர்ப்பே தொழிலாகிய நமக்கு, பழைய 'கம்பியில்லாத் தந்தி' என்ற பெயரே இன்னும் இனிக்கிறது!

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா முறையை உருவாக்கினர். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-ஆம் ஆண்டு முதல் அம்முறையால் கிராம இணையக் கூடங்கள் இயங்கின. வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் மட்டுமே. ஆயினும் பல கூடங்கள் சில ஆண்டுகளில் மூடப்பட்டமைக்கு வேகக் குறைவு ஒன்றையே காரணமாய்க் கூறல் பொருந்தாது. கூடத்தை நடத்தியவருக்கு வருவாய் போதவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

தேனியில் நடந்தது இதனினும் கருதத்தக்கது. அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு முயற்சியில் இறங்கினர். வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படும் மலிவான வை-பை கருவியையே, திசை நோக்கிய ஆன்டெனாவுடன் கோபுரத்தில் ஏற்றிப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு அலையனுப்பினர். இதில் ஓர் இடையூறு இருந்தது. வை-பை கருவி செய்தியை அனுப்பியதும் 'பெற்றேன்' என்ற மறுமொழிக்காக நொடியின் மிகச் சிறு கூறளவே காத்திருக்கும். தொலைவு மிகுந்தால் மறுமொழி தாமதமாகும். கருவியோ செய்தி தொலைந்ததெனக் கருதி மீண்டும் மீண்டும் அனுப்பும். ஆகவே, இரு முனைகளும் முறைவைத்துப் பேசுமாறு விதியை மாற்றியமைத்தனர். இதன் பயனாய், கிராமக் கண் மையத்துக்கு வரும் முதியவர் தேனியிலுள்ள மருத்துவரிடம் நேருக்குநேர் போலப் பேச முடிந்தது. அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோர் மட்டும் பஸ் ஏறினால் போதும். கூலி இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு செல்லும் பிரயாணம் எத்தனை பேருக்கு மிச்சமாயிற்று! இதில் கருவிகளைப் பெரிதும் கெடுத்தது ஏறியிறங்கும் கிராம மின்சாரமே என்பதை நம்மூரை அறிந்த எவரும் வியக்கமாட்டார்கள்.

புதுச்சேரிக் கடலோரத்திலும் ஓர் அனுபவம் உளது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கு கிராம அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்து மீனவருக்கு அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு கிராமத்தார் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வீட்டாரை எச்சரித்தார். மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் ஊரை எழுப்பினர். சுமார் 500 குடும்பங்கள் தப்பின. எச்சரித்தவர் நம்மைப்போல் வெளியூரில் பிழைக்கச் சென்றவரே.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்ல 'பாரத்நெட்' திட்டத்தில் வகை செய்யப்பட்டது. ஊராட்சி அலுவலகத்தில் வந்து நிற்கும் அந்தத் தொடர்பைத் தெருவுக்குக் கொண்டுவர, மத்திய அரசு 2020 டிசம்பரில் 'பி.எம்.-வாணி' திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. பழைய எஸ்.டி.டி. கூண்டைப்போல, டீக்கடைக்காரரோ மளிகைக்காரரோ உரிமமும் கட்டணமுமின்றிச் சிறு தொகைக்கு வை-பை விற்கலாம். பொங்கலுக்கு ஊர் செல்லும்போது நாம் இரண்டு கேள்விகளை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவரலாம்: இழை வந்துவிட்டதா? வந்திருப்பின், அதன் பெட்டியில் விளக்கு எரிகிறதா?