நிற்காத கணக்கு

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



விதை, எரு, நீர் ஆகியவற்றைப் பற்றி இம்மேடையில் பலர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கணக்கு. நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பேரேடு இருந்த இடத்தில் கணினி வந்து அமர்ந்திருக்கிறது. நாடெங்கும் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. பயிர்க்கடன், நகைக்கடன், உர விற்பனை, வைப்புத் தொகை ஆகிய யாவும் இனித் தரவுத்தளம் என்னும் மின்னணுப் பேரேட்டிலேயே பதிவாகும். அந்தப் பேரேடு சங்கக் கட்டிடத்திலுள்ள பீரோவில் இருப்பதன்று. தொலைவிலுள்ள ஒரு நகரத்தில், சர்வர் எனப்படும் பெரிய கணினியில் இருப்பது.

இதனால் விளையும் நன்மை பெரிது. கணக்கு உடனுக்குடன் தெரிகிறது. அடித்தல் திருத்தலுக்கு இடமில்லை. ஆயினும் இதில் ஒரு புதிய அபாயமும் உண்டு. முன்னாளில் எழுத்தர் வரவில்லையென்றால் ஒரு சங்கம் மட்டுமே நின்றது. இன்று சர்வர் நின்றால் நூற்றுக்கணக்கான சங்கங்கள் ஒரே நொடியில் நிற்கும். இது வெறுங்கற்பனையன்று. 2024ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை அளித்து வந்த ஒரு நிறுவனம், பணம் பறிக்கும் கணினித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. தீங்கு பரவாதிருக்க அந்நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டிக்க நேர்ந்தது. ஏறக்குறைய 300 சிறிய வங்கிகளின் பணப் பட்டுவாடா தடைப்பட்டது. பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டும் கடைசி நாளன்று இவ்வாறு நேருமாயின் விவசாயியின் கதி என்னாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே, கணக்கு நிற்காதிருக்க எவ்வாறு திட்டமிடுவது என்பதை நாமும் அறிந்திருத்தல் அவசியம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. “எங்கள் சர்வர் 99 சதவீத நேரம் இயங்கும்” என்று ஒருவர் சொன்னால் அது நல்ல வாக்குறுதியாகவே தோன்றும். ஆனால் மீதியுள்ள 1 சதவீதம் என்பது ஆண்டொன்றுக்கு 3 நாள் 15 மணி நேரத்துக்கு மேலாகும். 99.9 சதவீதமென்றால் ஏறக்குறைய 8 மணி 46 நிமிடம்; 99.99 சதவீதமென்றால் சுமார் 53 நிமிடம். தசமப் புள்ளிக்குப் பின் வரும் ஒவ்வொரு ஒன்பதும் இவ்வளவு மதிப்புடையது.

மேலும், சர்வர் ஒன்று மட்டும் இயங்கினால் போதாது. மின்சாரம், இணைய இணைப்பு, சர்வர் ஆகிய மூன்றும் ஒருங்கே இயங்க வேண்டும். கிணற்றில் நீர் இருந்தும் மோட்டார் பழுதானால் வயல் காயும். மோட்டார் ஓடியும் வாய்க்கால் உடைந்தால் அப்பொழுதும் வயல் காயும். மூன்றும் தனித்தனியே 99 சதவீதம் இயங்குவனவாயினும், சேர்ந்து இயங்குவது 97 சதவீதமே. ஆண்டில் ஏறக்குறைய 11 நாள் வேலை நின்றுபோகும்.

இதற்குப் பரிகாரம் ஒன்றுக்குத் துணையாக மற்றொன்றை வைப்பதாகும். நூற்றில் ஒரு பங்கு நேரம் நிற்கக்கூடிய சர்வர்கள் இரண்டை வைத்தால், இரண்டும் ஒரே சமயத்தில் நிற்பது பதினாயிரத்தில் ஒரு பங்கேயாகும். ஆனால் இக்கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: ஒன்றைக் கெடுக்கும் காரணம் மற்றொன்றையும் கெடுக்கலாகாது. இரண்டு பம்புசெட்டுகளை வாங்கி ஒரே டிரான்ஸ்பார்மரில் இணைத்தவருக்கு, டிரான்ஸ்பார்மர் எரிந்த அன்று இரண்டும் உதவமாட்டா.

தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் பாட்டரியிலிருந்து தீப்பற்றியது. அரசின் 600க்கும் மேற்பட்ட கணினிச் சேவைகள் நின்றன. அவற்றுள் பலவற்றைப் பின்னர் மீட்டுவிட்டனர். ஆனால் அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஒரு சேமிப்பகத்துக்கு வெளியிடத்தில் நகல் இல்லை. அதிலிருந்த 858 டெராபைட் அளவான தகவல் அழிந்தது. கணினித் துறையில் மிக முன்னேறிய நாட்டுக்கே இக்கதி. விதைநெல்லையும் உண்ணும் நெல்லையும் ஒரே குதிரில் வைக்கலாகாது என்பது நம் முன்னோர் அறிந்த உண்மை.

அடுத்து, திட்டமிடுவோர் தொடக்கத்திலேயே இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும். விபத்து நேர்ந்தால் எவ்வளவு நேரம் வேலை நிற்கலாம்? கடைசியாகப் பதிந்தவற்றுள் எவ்வளவு இழக்கலாம்? எல்லா வேலைக்கும் ஒரே விடை பொருந்தாது. உர இருப்புப் பட்டியல் அரை நாள் தெரியாமற் போனால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு விவசாயி கட்டிய கடன் தவணையில் ஒரு ரசீது கூட மறையலாகாது.

இவ்விடைக்கேற்பவே துணைப் பேரேட்டை எழுதும் முறை அமையும். இரண்டு பேரேடுகளிலும் எழுதியான பின்னரே ரசீது தருவது ஒரு முறை. இதில் இழப்பு நேராது. ஆனால் இரண்டாவது சர்வர் தொலைவில் இருந்தால் ஒவ்வொரு பதிவும் தாமதப்படும். முதற் பேரேட்டில் எழுதியவுடன் ரசீது தந்துவிட்டு, நகலைப் பின்னர் அனுப்புவது மற்றொரு முறை. இது விரைவானது; ஆனால் திடீரென முதற் சர்வர் வீழ்ந்தால் கடைசிப் பதிவுகள் சில மறைந்துபோகலாம். பணம் புழங்கும் கணக்குக்கு முதல் முறையும், மற்றவற்றுக்கு இரண்டாம் முறையும் தக்கவை. எல்லாவற்றுக்கும் உயர்ந்த ஏற்பாடே வேண்டுமென்றால் செலவு பெருகும். அச்செலவு முடிவில் உறுப்பினர் தலையிலேயே விழும்.

முதற் சர்வர் வீழ்ந்தால் இரண்டாவது பொறுப்பேற்க வேண்டும். வீழ்ந்துவிட்டதென்று முடிவு செய்வது யார்? ஏரி மடையைத் திறக்கும் நீர்க்கட்டி ஊரில் இல்லையென்று எண்ணி வேறொருவர் சாவியை ஏற்றுக்கொள்கிறார்; அவரோ ஊரில்தான் இருக்கிறார். இருவரும் தம் எண்ணப்படி மடைகளைத் திறந்தால் எந்த வயலுக்கு எவ்வளவு நீர் பாய்ந்தது என்பதற்குக் கணக்கே இராது. சர்வர்களிடத்திலும் இவ்வாறு நேர்வதுண்டு. அமெரிக்காவின் கிட்ஹப் நிறுவனத்தில் 2018ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கிழக்குக் கரையிலுள்ள தரவு மையத்தின் இணைப்பு 43 நொடி அறுந்தது. மேற்குக் கரையிலுள்ள சர்வர்கள் தாமாகவே பொறுப்பேற்றன. ஆனால் கிழக்கில் எழுதியிருந்த சில பதிவுகள் மேற்கே சென்று சேரவில்லை. இரு பக்கத்துக் கணக்கையும் ஒத்துப் பார்த்து, சேவையை முழுதும் சீராக்க 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. எனவேதான் இரண்டு சர்வர்களோடு நில்லாமல் மூன்று அல்லது ஐந்து என்று ஒற்றைப்படையில் வைத்து, பெரும்பான்மையின் சம்மதம் பெற்றது மட்டுமே பேரேட்டில் எழுதலாம் என்று விதி வகுக்கின்றனர். பஞ்சாயத்து நடத்தும் உங்களுக்கு இவ்விதியை விளக்க வேண்டுவதில்லை. அவற்றை எங்கெங்கே வைப்பது, எத்தருணத்தில் பொறுப்பை மாற்றுவது, எப்பொழுது மனிதரைக் கேட்பது என்பவற்றையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

இன்னுமொன்று. துணைச் சர்வர் இருப்பதாலேயே காப்பு நகல் வேண்டாம் என்று எண்ணுவது பெருந்தவறு. துணைச் சர்வர் கண்ணாடி போன்றது. முதற் பேரேட்டில் ஒரு பக்கத்தைத் தவறுதலாக அழித்தால், அதுவும் அடுத்த நொடியே அதே பக்கத்தை அழித்துவிடும். நேற்றைய கணக்கு, சென்ற வாரக் கணக்கு என்று தனியே எடுத்து, வலையிலிருந்து விலக்கி வைத்த நகலே அப்பொழுது கைகொடுக்கும். பணம் பறிக்கும் தாக்குதலிலிருந்து மீளவும் அதுவே வழி.

அந்த நகல் உயிருள்ளதா என்பதையும் சோதித்தல் வேண்டும். கிட்லாப் என்னும் மற்றொரு நிறுவனத்தில் 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று கருதி முதற் சர்வரிலேயே தரவுகளை அழித்துவிட்டார். காப்பு நகல்களைத் தேடியபொழுது, அன்றாடம் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய நகல் எடுக்கப்படாமலே இருந்தது தெரிய வந்தது. அது தவறியதை அறிவிக்கும் கடிதங்களும் உரியவரைச் சென்று சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்திருந்த நகலொன்று கிடைத்தது, அதைக்கொண்டே மீண்டனர். இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் மீளவில்லை. ஐப்பசி மழைக்கு முன் மதகுப் பலகையைத் தூக்கிப் பாராத ஊர், வெள்ளம் வந்த இரவில்தான் அது துருவேறிக் கிடப்பதை அறியும்.

ஆதலின், நண்பர்களே, உங்கள் சங்கத்தின் பேரவைக் கூட்டம் கூடும்பொழுது ஐந்து கேள்விகளைத் தவறாது கேளுங்கள்.

ஒன்று: நம் கணக்கின் துணைப் பேரேடு எந்த ஊரில் உள்ளது?

இரண்டு: சேவை நின்றால் எவ்வளவு நேரத்தில் மீளும், எத்தனை பதிவு இழக்கப்படலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா?

மூன்று: காப்பு நகலிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்த ஒத்திகை கடைசியாக நடந்தது எந்தத் தேதியில்?

நான்கு: பராமரிப்புக்காகச் சேவையை நிறுத்தும் நாட்கள், கடன் வழங்கும் பருவத்தையும் காப்பீட்டின் கடைசி நாட்களையும் விலக்கிக் குறிக்கப்படுகின்றனவா?

ஐந்து: கணினி நின்ற நாளில் ரசீது தர, வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் சங்கத்தில் உண்டா? அதில் எழுதியதைப் பின்னர்க் கணினியில் ஏற்றுவது யார் பொறுப்பு?

இக்கேள்விகளைக் கேட்கக் கணினிப் படிப்பு வேண்டியதில்லை. பணம் நம்முடையது, கணக்கு நம்முடையது என்ற உரிமையே போதும். மூன்றாவது கேள்விக்குத் தேதியைச் சொல்ல இயலாதவர், ஒத்திகை பார்த்ததில்லை என்றே கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் அதை நடத்திக் காட்டும்படி தீர்மானம் நிறைவேற்றுங்கள். இயந்திரம் என்றேனும் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். அந்நாளில் விவசாயி வெறுங்கையோடு வீடு திரும்பாதிருக்கச் செய்வது நம் கையில் உள்ளது.