ஒளிரும் அலைகள்



ஊரைவிட்டு வந்து மும்பையிலும் கோவாவிலும் மங்களூரிலும் வாழும் நம்மவர்க்கு மாலை வேளையில் கடற்கரையே ஆறுதல். சிற்சில இரவுகளில் அங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். கரையில் மோதும் அலை நீல ஒளி வீசுகிறது. ஈர மணலில் பதிந்த அடிச்சுவடும் மின்னுகிறது. இதன் காரணம் யாது?

நாக்டிலூகா என்னும் ஓரணு உயிரே பெரும்பாலும் காரணம். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமனுள்ள அது, அலை அசைக்கும்போது ஒளிர்கிறது. இத்தகைய நுண்ணுயிர்கள் அளவிறந்து பல்குவதையே பாசிப் பெருக்கம் என்கிறோம்.

பயிருக்கு வெயிலும் எருவும் வேண்டும், கடற்பாசிக்கும் அவ்வாறே. வெப்பமண்டலக் கடல்களில் வெயிலுக்குக் குறைவில்லை. எருவோ ஆழத்தில் கிடக்கிறது. சூடேறிய மேல்நீர் இலேசாகி, குளிர்ந்த அடிநீரை மூடிபோல் மறைத்துவிடுகிறது. அம்மூடியைத் திறப்பது காற்று. தென்மேற்குப் பருவக் காற்று சோமாலியா, ஓமான் கரைகளில் மேல்நீரை அப்பால் தள்ள, சத்துமிக்க அடிநீர் மேலெழுகிறது. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று, வட அரபிக் கடலின் மேல்நீரைக் குளிர்விக்கிறது. கனத்த அந்நீர் கீழிறங்கி அடிநீருடன் கலக்கிறது. பாசி தழைக்கிறது, அதை நம்பி மீனும், மீனை நம்பி மீனவரும் வாழ்கின்றனர்.

ஆயின், எல்லாப் பாசியும் ஒன்றல்ல. வட அரபிக் கடலில் முன்பு குளிர்காலத்தில் செழித்தவை டயாட்டங்கள். சிறு உயிர்களுக்கு அவை நல்லுணவு. 2000க்குப் பின், அவ்விடத்தைப் பச்சை நாக்டிலூகா பெரிதும் கவர்ந்துகொண்டது. அது டயாட்டங்களை உண்ணும். தன்னுள் குடியிருக்கும் பச்சைப் பாசிகள் சமைத்துத் தரும் உணவையும் பெறும். அதனை உண்பன சொறிமீன் போன்ற சிலவே. இமயப் பனி குறைந்து குளிர்காற்றின் வன்மை தணிந்ததே இம்மாற்றத்துக்குக் காரணம் என்பர் சில அறிஞர். அடியிலுள்ள பிராணவாயு குன்றிய நீர் மேலேறியதே என்பர் வேறு சிலர்.

இது நம் ஊர்க் கடலுக்கும் புதிதன்று. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடல் ஒளிர்ந்தபோது மக்கள் திரண்டு சென்று கண்டு களித்தனர். அடுத்த சில வாரங்களில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா பெருகி நீர் பச்சையாயிற்று. பாம்பன் பக்கத்தில் செத்த மீன்கள் கரை ஒதுங்கின. மண்டபத்தை அடுத்த சிங்கில் தீவருகே பவளங்கள் மடிந்தன. பெருகிய பாசி மடிந்து அழுகும்போது, நீரிலுள்ள பிராணவாயு செலவழிந்து போகிறது. மீனாயினும் ஒருகால் நீந்தித் தப்பலாம். பாறையோடு ஒட்டிய பவளம் எங்கே போகும்?

காற்றையும் பருவத்தையும் நாம் ஆள இயலாது. எனினும், கரையோர நகரங்களின் கழிவுநீரும் வயல்களிலிருந்து வழியும் உரமும் கடலுக்கு வேண்டாத எருவாகின்றன. இவற்றைத் தடுப்பது நம் கையில் உள்ளது.

இனி அலை ஒளிரும் இரவில் அவ்வழகைக் கண்டு மகிழ்வோம். மறுநாட் காலையிலும் அக்கரைக்குச் சென்று, நீரின் நிறத்தைப் பார்ப்போம். வலையோடு திரும்பும் மீனவரிடம் கடல் எப்படியிருக்கிறது என்று கேட்போம். வாழும் கரை எதுவாயினும், அதன் நலனில் நமக்கும் பங்குண்டு அன்றோ?