இரண்டு இணைப்பு இருந்தால் போதுமா?

(நிறுவனங்களின் கணினிக் கட்டமைப்பு குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கணினிப் பிரிவு மேலாளர்கள் இன்று எந்தக் கட்டமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள தலைப்பு. புதிய கருவிகளின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஜூரோங்கில் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனித்து வந்தேன். இணைய இணைப்பு அறுந்தால் வேலையே நின்றுவிடும் என்று வாதாடி, வேறொரு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் இரண்டாவது இணைப்பு வாங்க முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன். "இனிமேல் கவலை இல்லை சார்" என்று நானே சொன்னேன். ஒருநாள் காலை வெளியே சாலையைத் தோண்டினார்கள். இரண்டு இணைப்பும் ஒன்றாகப் போய்விட்டன! இரு நிறுவனங்களின் கம்பிகளும் ஒரே குழாய் வழியாகத்தான் எங்கள் கட்டடத்திற்குள் வந்திருக்கின்றன. லாரிகள் வாசலில் வரிசையாக நின்றன. எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. மாலையில் முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்படியென்றால் இரண்டாவது பில்லை எதற்குக் கட்டினோம்?" என்னிடம் பதில் இல்லை.

இது சிறிய நிறுவனத்தின் கதை மட்டுமன்று. 2006 டிசம்பர் 26-ஆம் தேதி தைவானுக்குத் தெற்கே நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடியில் மண் சரிந்து ஒன்பது கம்பிவடங்கள் அறுந்தன. வெவ்வேறு கூட்டு நிறுவனங்களுக்குச் சொந்தமானவை, ஆனால் ஒரே கடற்பகுதி வழியாகச் சென்றவை. நம் வட்டாரத்தில் இணையம் முடங்கியது பலருக்கு நினைவிருக்கும். பதினொரு கப்பல்கள் சேர்ந்து பழுதுபார்க்க 49 நாட்கள் ஆயின.

2013 அக்டோபர் 9-ஆம் தேதி சிங்டெல் நிறுவனத்தின் புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தில் தீப்பிடித்தது. 149 கண்ணாடி இழை வடங்கள் சேதமடைந்தன. பராமரிப்புப் பணியின்போது தீச்சுவாலைக் கருவியைப் பயன்படுத்தியதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. வீடுகள், அலுவலகங்கள், வங்கிக் கிளைகள் எனப் பல தரப்பினரும் பாதிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு அந்நிறுவனத்திற்கு 6 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிங்கப்பூரில் இணையச் சேவை விற்பவர்கள் பலர். ஆனால் அவர்களில் பலர் நெட்லிங்க் என்ற ஒரே நிறுவனத்தின் கண்ணாடி இழைகளை வாடகைக்கு எடுத்தே சேவை தருகிறார்கள். இரண்டு பில் வருவதாலேயே இரண்டு பாதை இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

முன்பு இது இவ்வளவு பெரிய பிரச்சினையாக இல்லை. கணக்கும் கோப்பும் அலுவலகத்துப் பின்னறையில் இருந்த சர்வரில் இருந்தன. இணையம் போனால் மின்னஞ்சல் மட்டுமே வராது. இன்று எல்லாம் மேகக் கணினிக்குப் போய்விட்டன. ரசீது அடிப்பதற்கும், தொலைபேசி பேசுவதற்கும்கூட அந்தக் கம்பி வேண்டும்.

விலையுயர்ந்த குத்தகை இணைப்புக்குப் பதிலாகச் சாதாரண அகண்ட அலைவரிசை இணைப்புகள் இரண்டை வாங்கி, எஸ்டி-வேன் என்ற மென்பொருளால் இணைப்பது இப்போது பரவலாகிவிட்டது. நல்ல ஏற்பாடுதான், செலவும் குறையும். எந்த வழி நன்றாக இருக்கிறதோ அந்த வழியில் அது தகவலை அனுப்பும். ஆனால் இரண்டு வழியும் ஒரே குழாயில் இருந்தால் மென்பொருள் என்ன செய்ய முடியும்?

எனவே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, கம்பி எந்த நிலையத்திலிருந்து, எந்தத் தெரு வழியாக, கட்டடத்தின் எந்தப் பக்கத்தில் நுழைகிறது என்று எழுத்தில் கேளுங்கள். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாதீர்கள். தனிப் பாதைக்குக் கூடுதல் கட்டணம் கேட்டால், ஒரு நாள் வேலை நின்றால் எவ்வளவு நட்டம் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, தனிப் பாதைக்கு வசதியில்லாத சிறிய நிறுவனங்கள் 4ஜி அல்லது 5ஜி கம்பியில்லா இணைப்பை மாற்றாக வைத்துக்கொள்ளலாம். அதையும் வேறு நிறுவனத்திடம் வாங்குங்கள். பழைய 3ஜி கருவியை அலமாரியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் விழித்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில் 2021-இலும் சிங்கப்பூரில் 2024-இலும் 3ஜி சேவை நிறுத்தப்பட்டுவிட்டது.

மூன்றாவது, சோதித்துப் பாருங்கள். ஆண்டுக்கு இருமுறை, வேலை இல்லாத நேரத்தில், முதல் இணைப்பின் கம்பியை நீங்களே பிடுங்குங்கள். எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தையும் நிறுத்திப் பாருங்கள். கண்ணாடி இழைப் பெட்டிக்கு மின்கலம் இல்லாவிட்டால் எத்தனை பாதை இருந்தும் பயனில்லை.

முதலாளி கேட்ட அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. நேயர்களே, உங்கள் முதலாளி கேட்கும் முன் அதே கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக் காலை அலுவலகத்திற்குப் போனதும், இரண்டு கம்பிகளும் எந்தச் சுவர் வழியாக உள்ளே வருகின்றன என்று ஒருமுறை நடந்துபோய்ப் பாருங்கள்.