நாக் குழறியும் மேடையை விடாதவர்

பாரிசவாயு கண்டவரைப் பற்றி, ‘அவர் கதை முடிந்தது’ என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். வீட்டின் உள்ளறையில் கட்டிலைப் போட்டு, வருவோர் கண்ணில் படாமல் அவரைக் கிடத்திவிடுகின்றோம். பேச்சையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு அந்நோய் வந்தபோது அவர் செய்தது யாதென இன்று சொல்ல விழைகின்றோம்.

அவர் அமெரிக்க நாட்டின் தொலைக்காட்சி அறிவிப்பாளர் டிக் கிளார்க். 1929-இல் பிறந்தவர். பிலடெல்பியா நகரில் இளைஞர்கள் இசைக்கேற்ப ஆடும் ‘அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்’ நிகழ்ச்சியை 1956-இல் ஏற்றார். மறு ஆண்டே அது நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. 1972 முதல், புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தினின்று தோன்றலானார். ஆண்டு மாறும் நொடிகளை எண்ணிச் சொல்லும் அவர் குரல் இல்லந்தோறும் பழகிப்போயிற்று. முதுமை தட்டாத அவர் முகத்தைக் கண்டு, ‘அமெரிக்காவின் மூத்த விடலை’ என மக்கள் வேடிக்கையாக அழைத்தனர்.

ஆனால், அந்த இளமைத் தோற்றத்தினுள்ளே இனிப்பு நீர் நோய் பல்லாண்டுகளாகக் குடியிருந்தது. 2004-இல் அதனை அவரே வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பரில், 75-ஆம் வயதில், பாரிசவாயு தாக்கியது. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் இரத்தக் குழாய்களை மெல்ல மெல்லக் கெடுப்பவை. மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அப்பகுதி செயலிழக்கின்றது. வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க இயலாமை, பேச்சுக் குழறுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே 999 எண்ணை அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பெரும்பாலும் பயனுண்டு.

அவ்வாண்டுப் புத்தாண்டு இரவில் வேறொருவர் அவரிடத்தில் நின்றார். கிளார்க்கோ நடக்கவும் பேசவும் குழந்தைபோல் மீண்டும் கற்றுக்கொண்டிருந்தார். 2005 டிசம்பர் 31 இரவு அவர் திரைக்குத் திரும்பினார். நாக் குழறியது, சொற்கள் தடித்து வந்தன. தம் பேச்சு இன்னும் சீராகவில்லை என்பதை மறைக்காமல் அவரே கூறிவிட்டு, நொடிகளை எண்ணி முடித்தார்.

பார்த்தவர்கள் இரு கூறாயினர். பழைய தோற்றத்தோடு விலகியிருக்கலாமே என வருந்தினர் சிலர். அந்நோயால் வாடியவர்களோ, தம்மில் ஒருவர் ஊரறிய வந்தாரே என மகிழ்ந்தனர். நாம் இரண்டாமவர் பக்கமே நிற்கின்றோம். குழறியது நா; அறிவன்று. வாய்த்தசைகளை இயக்கும் ஆற்றல் குன்றியவருக்குச் சிந்தனையும் குன்றியதாகக் கருதிக் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுகின்றோமே, அது அவரை எவ்வளவு புண்படுத்தும்!

கிளார்க் பழைய சுமை முழுவதையும் தூக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நிகழ்ச்சியின் பெரும்பகுதியை ரையன் சீக்ரெஸ்ட் என்னும் இளைஞர் நடத்தினார். இவர் அமர்ந்தபடி சிறிது நேரமே பேசினார். இயன்ற அளவு வேலையை அவருக்கென்று ஒதுக்கிவைத்திருந்தனர். நம் வீடுகளிலும் கணக்குப் பார்ப்பது, பேரப்பிள்ளைக்குப் பாடம் கேட்பது போன்றவற்றை இத்தகையவரிடம் விடலாம். அவர் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும்வரை நாம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவே.

2011 டிசம்பர் 31 வரை ஆண்டுதோறும் அவர் தோன்றினார். 2012 ஏப்ரல் 18-இல், 82-ஆம் வயதில், மாரடைப்பால் காலமானார். அந்தப் புத்தாண்டு நிகழ்ச்சி அவர் பெயரைத் தாங்கியே இன்றும் நடைபெறுகின்றது.