பரணில் தொடங்கிய கல்வி
(கல்விப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



1981ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசை ஜப்பானைச் சேர்ந்த கெனிச்சி ஃபுகுயியுடன் பகிர்ந்துகொண்டவர் ரோல்ட் ஹாஃப்மன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய கோட்பாட்டு வேதியியலாளர். அவருடைய புகழை உலகம் அறியும். அப்புகழில் பங்குடைய பிறரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

1937ஆம் ஆண்டு, அன்று போலந்திலும் இன்று உக்ரைனிலும் உள்ள ஸோலோச்சிவ் என்னும் ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1941இல் ஹிட்லரின் படை அவ்வூரைக் கைப்பற்றியது. குடும்பத்தினர் உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். தாயும் மகனும் இரகசியமாக வெளியேற்றப்பட்டனர். முகாமிலேயே தங்கிவிட்ட தந்தை, தப்பிச் செல்லும் முயற்சியில் ஈடுபட்டதற்காக 1943இல் கொல்லப்பட்டார்.

யூதருக்குப் புகலிடம் தருவோருக்கு அன்று மரண தண்டனை. அவ்வாறிருந்தும் மைக்கோலா டியுக் என்ற உக்ரேனியப் பள்ளி ஆசிரியர், தாயையும் மகனையும் உறவினர் சிலரையும் ஊனிவ் என்னும் கிராமத்துப் பள்ளிக்கூடப் பரணில் ஓராண்டுக்கு மேலாக மறைத்து வைத்துக் காத்தார். ஐந்து வயதுச் சிறுவனை ஓசையின்றி வைத்திருப்பது எளிதா? அத்தாய், பரணில் கிடந்த பழைய பாடநூல்களைக் கொண்டு மகனுக்கு எழுத்தறிவித்தார். புவியியலை மனப்பாடம் செய்வித்துக் கேள்விகள் கேட்டார். ஹாஃப்மனின் முதற்பள்ளி அதுவே.

1949இல் அமெரிக்கா சென்ற அவர், 1962இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1965இல், தம்மினும் இருபது வயது மூத்த இராபர்ட் உட்வர்டுடன் இணைந்து, இருவர் பெயராலும் வழங்கும் விதிகளை வெளியிட்டார். பியூட்டாடையீன் என்ற மூலக்கூறு வளையமாக மூடும்போது, வெப்பத்தினால் அதன் இரு முனைகளும் ஒரே திசையில் சுழலும். ஒளியினால் எதிரெதிர்த் திசைகளில் சுழலும். எலக்ட்ரான்கள் இயங்கும் ஆர்பிட்டல்களின் சமச்சீர்மையே இதனைத் தீர்மானிக்கின்றது என்பதை அவ்விதிகள் விளக்கின. வினை நிகழுமுன்பே அதன் போக்கினைக் கூற வழி பிறந்தது. ஆயினும் உட்வர்ட் 1979இல் மறைந்தார். மறைந்தவருக்கு நோபல் பரிசு வழங்கும் வழக்கம் இல்லை. இருவர் உழைப்பிற்கான மேடையில் ஒருவரே நின்றார்.

யார் உழைப்பு, யாருக்குப் புகழ் என்ற வினா ஹாஃப்மனைத் தொடர்ந்தது போலும். கவிஞராகவும் விளங்கிய அவர், கார்ல் ஜெராசியுடன் சேர்ந்து எழுதி 2001இல் அரங்கேறிய 'ஆக்சிஜன்' நாடகம், ஆக்சிஜனைக் கண்டறிந்த பெருமை பிரீஸ்ட்லிக்கா, ஷீலேவுக்கா, லவாய்சியருக்கா என்று கேட்கின்றது.

2006இல் தம் மகனுடன் அந்தப் பழைய பள்ளிக்கூடத்திற்குச் சென்றார். பரண் அப்படியே இருந்தது. அவர்கள் ஒளிந்திருந்த பண்டக அறையோ வேதியியல் வகுப்பறையின் பகுதியாகியிருந்தது! 2009இல் அவருடைய முயற்சியால், கொல்லப்பட்டோருக்கு ஸோலோச்சிவில் நினைவுச்சின்னம் எழுந்தது. உலகப் புகழ் பெற்ற பின்னரும் தாம் கடன்பட்ட மண்ணை அவர் மறக்கவில்லை.

மாணவச் செல்வங்களே! சற்று நேரத்தில் இம்மேடையில் உங்கள் பெயர் மட்டுமே வாசிக்கப்படும். பரிசோடு இல்லம் திரும்பியதும், வாசிக்கப்படாத பெயர்களுக்கு உரியவர்களிடம் அதனை முதலில் காட்டுங்கள். பெற்றோர்களே! வசதி வந்தபின் கற்பிக்கலாம் என்று காத்திராதீர்கள். அந்தத் தாய் காத்திருக்கவில்லை.