பெடலுக்கு அடியில் ஒரு குமிழி



சென்னைப் பெருங்குடியில் ஒரு சின்ன ஷெட்டில் பல வருஷம் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். காரின் பின்சக்கர பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றி, ஏர் எடுப்பது எப்படி என்று ரேடியோவில் பேசச் சொன்னார்கள். நம் தெருவில் நிற்கும் சின்ன கார்கள் பலவற்றில் பின்னால் டிஸ்க் கிடையாது, டிரம்தான். அதற்குள் இருப்பது பேட் அல்ல, ஷூ. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். பேச்சின் பின்பாதி உங்களுக்கும்தான். எனக்குப் பிடித்த பாதியும் அதுதான்.

பேட் வேலையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். பேடை அழுத்தும் காலிப்பரைக் கழற்றினால், அதை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்தே.

புது பேடுக்கு இடம் கிடைக்க, காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும். ராஜீவ் காந்தி சாலையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். "அண்ணே, பிஸ்டன் துருப்பிடிச்சிருச்சு போல, கிளாம்ப் போட்டு அமுக்குறேன், அசையவே இல்ல." போய்ப் பார்த்தேன். துருவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஹேண்ட் பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருக்கும் வகை. "தம்பி, இது அமுக்கினா போகாது, திருகினாதான் போகும்" என்றேன். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்திருந்தால் காலிப்பரே போயிருக்கும். பட்டன் அமுக்குகிற ஹேண்ட் பிரேக் என்றால் இன்னும் ஜாக்கிரதை. அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகும் வழியை வண்டிப் புத்தகத்தில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். பிரேக் ஆயில்! ஆயில் என்கிறோமே தவிர, அது எண்ணெய் இல்லை. தப்பித் தவறி இன்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிக் கெட்டுவிடும். இந்தத் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. மழைக்காலத்து உப்பு மாதிரி, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நம் பெருங்குடிக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தால் போதும், அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கிப் பாருங்கள். திரவம் கொதித்துக் குமிழி வரும். திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும். நீங்கள் மிதிக்கும் பலத்தைக் குமிழியே தின்றுவிடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த வாரத்தில் என் ஷெட்டுக்கு வந்த வண்டிகளில் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தால், தேன் நிறத்தில் இருக்க வேண்டியது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது!

பழைய திரவத்தையும் உள்ளே சிக்கிய காற்றையும் வெளியே தள்ளுவதுதான் ஏர் எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். அவர் சக்கரத்தடியில், பேத்தி பெடலில், நான் பக்கத்தில் நாற்காலியில். காற்றை வெளியே விடும் நிப்பிளில் டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கியாயிற்று. "மிதிச்சுப் பிடிச்சுக்கோ கண்ணு" என்று தாத்தா நிப்பிளைத் திறந்தார். பெடல் கீழே போக, குமிழி குமிழியாக வெளியே வந்தது. பெடல் திடீரென்று இறங்கியதில் பயந்து பேத்தி காலை எடுத்துவிட்டாள். நிப்பிள் திறந்தபடியே இருக்க, போன காற்று திரும்ப உள்ளே! பழையபடி முதலிலிருந்து. "நான் மூடிட்டேன்னு சொன்னப்புறம்தான் விடணும்" என்றார். அதன் பிறகு "மிதி", "பிடி", "மூடிட்டேன்", "விடு" என்று தாளம் தப்பாமல் நடந்தது. குமிழி நின்று, தெளிந்த திரவம் மட்டும் வந்தபோது அந்தப் பெண் கத்திய கத்தலுக்கு மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

பழைய வண்டியென்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். அடிவரை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிழியலாம். நடுநடுவே டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதையும் புத்தகத்தில் பாருங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கடைசியாக ஒன்று. வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள். கெட்டியாக நின்றால், ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லையா? கௌரவம் பார்க்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்தப் பேத்தி இப்போது லைசென்ஸ் எடுத்துவிட்டாள். தாத்தா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறார், அதுவும் தூங்கிக்கொண்டே! அப்படித் தூங்கும்படி உங்கள் வீட்டு வண்டியும் நிற்கட்டும்.