பேயன்று, பிணியே

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நானோ ஒரு நோயைப் பற்றிப் பேச விழைகிறேன், பொறுத்தருள்க.

சில ஆண்டுகளுக்கு முன், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி திடீரென உறக்கமின்றித் தவித்தாள், காரணமின்றிச் சிரித்தாள், பெற்ற தாயையே ஐயுற்றாள். தேர்வு அச்சம் என்றேன் நான். தெருவிலுள்ளோர் பேய் என்றனர். வேப்பிலை அடியும் மந்திரக் கயிறுமாக மூன்று வாரங்கள் கழிந்தன. வலிப்புக் கண்ட பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அங்கு வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது சினைப்பையில் ஒரு கட்டி இருந்தது.

மூளைக் கோளாற்றுக்கு வயிற்றை ஏன் பார்த்தனர்? நானும் அவ்வாறே வினவினேன். டெரடோமா என்னும் அக்கட்டி பெரும்பாலும் புற்றாக இராது. அதனுள் முடி, பல் மட்டுமன்றி நரம்புத் திசுவும் வளர்வதுண்டு. அதனை அயற்பொருளாகக் கருதி உடல் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குகிறது. அவையே மூளை நரம்பணுக்களின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளையும் தாக்குகின்றன. காவலுக்கு வைத்தவனே வீட்டாரை அடிக்கும் கதைதான். 2007ஆம் ஆண்டில் ஜோசெப் டால்மாவ் குழுவினர் 12 பெண்களிடம் இதனைக் கண்டு விளக்கினர். கட்டி இல்லாமலும் இந்நோய் வரும். ஆடவரையும் குழந்தைகளையும் விடுவதில்லை. அதற்கு முன் எத்தனை பேர் பைத்தியம் என்றும் பேய் என்றும் கட்டுண்டு கிடந்தனரோ! 2001 ஆகஸ்டு 6இல் ஏர்வாடித் தீயில் சங்கிலியோடு மாண்ட 28 பேரை எண்ணுந்தோறும் என் நெஞ்சு பதைக்கிறது.

கட்டியிருந்தால் அதனை அகற்றுதல் இன்றியமையாதது. அத்துடன் ஸ்டீராய்டு ஏற்றுவர். இம்யூனோகுளோபுலின் செலுத்துவதும், இரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து மாற்றுவதும் உண்டு. அவற்றுக்கு அடங்காவிடில் ரிட்டுக்சிமாப். 577 நோயாளிகளைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வில், ஈராண்டு முடிவில் நூற்றுக்கு எண்பது பேரளவில் நல்ல நிலை எய்தியிருந்தனர். சிகிச்சையை முன்னதாகத் தொடங்கியோர் நன்கு தேறினர். நம் மாணவி ஓராண்டு பின்தங்கித் தேர்வெழுதினாள். அந்த மூன்று வாரங்களில் என் பங்கும் உண்டு.

இன்னொன்று. 1928இல் மருத்துவர் சௌரிமுத்து நம் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கிய நாளில் நெஞ்சு நோய் என்றாலே காசம்தான். இன்று பீடி பிடிப்பவர் ஒருவர் தொடை தளர்ந்து, குந்தினால் எழ இயலாமல் வருந்தினால், முதுமை என்று விட்டுவிடாதீர்கள். நுரையீரலின் சிறுசெல் புற்று வெளிப்படுமுன்னரே லம்பர்ட்-ஈட்டன் என்னும் இத்தளர்ச்சி தோன்றுவதுண்டு.

தாம்பரத்தில் மின்வண்டி ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால் எதிரே அரசு பொது மருத்துவமனை. நரம்பியல் பிரிவு அங்கேயே உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறவாதீர்கள். கைகட்டி வாய்பொத்தி நிற்க வேண்டா. "நெஞ்சையும் வயிற்றையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தீர்களா, ஐயா?" என்று கேளுங்கள்.